முதல் செமஸ்டர் கணக்கு: அணியில் தொடங்குவதா, நுண்கணிதத்தில் தொடங்குவதா? (அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் புது மாணவர்களுக்கு நடைமுறையில் இருந்தபோது நடந்த உரையாடல்)

நீடாமங்கலம் மாணவன்:
வணக்கம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சிவில் கிடைத்திருக்கிறது, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன். வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது. முதல் செமஸ்டரில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாளில் அணிகள்தான் முதல் யூனிட், அதனால் அதைப் பிடி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எனக்கும் அணிகள் நன்றாக வரும். தொகையிடல்தான் பயம். நேற்று எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடும் கணக்கில், பகுதித் தொகையிடல் முறையில் காஸை யூ என்று எடுத்துப் போட்டேன், அடுத்த வரியில் எக்ஸ் ஸ்கொயர் வந்து கணக்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. காலையில் அப்பாவோடு வயலுக்குப் போகணும், மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எதில் ஆரம்பிப்பது?

வல்லம் மூன்றாமாண்டு:
தம்பி, அணியிலேயே ஆரம்பி. முதல் இன்டர்னல் பெரும்பாலும் முதல் இரண்டு யூனிட்டில்தான் வரும். ஐகன் மதிப்பு, கெய்லி–ஹாமில்டன் தேற்றம் இரண்டும் கையில் இருந்தால் முதல் தேர்விலேயே தைரியம் வந்துவிடும்.

கும்பகோணம் கணக்கு ஆசிரியர்:
தைரியம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தம்பிக்கு அணி ஏற்கெனவே வருகிறது, வருவதையே இந்த மூன்று வாரமும் போட்டுக்கொண்டிருந்தால் வராதது அப்படியே நிற்கும். தாளைக் கொஞ்சம் பார். ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் இரண்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, 16 மதிப்பெண் கேள்வி ஒன்று, ஆக யூனிட்டுக்கு 20. அணிகளுக்கு 20 போனால் மீதி 80-ம் நுண்கணிதம், அதில் 40 நேரடியாகத் தொகையிடல். கடைசி யூனிட்டில் இரட்டைத் தொகையீடு வரும், ஒற்றைத் தொகையீட்டில் கை ஓடாதவர்கள் அதில் நுழையவே முடியாது. அணிகளில் புதிதாக வருகிற ஐகன் மதிப்பை வகுப்பில் ஆரம்பத்திலிருந்தே நடத்துவார்கள். விடையைச் சரிபார்க்கவும் அதில் எளிய வழி உண்டு: ஐகன் மதிப்புகளின் கூட்டல் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமம், பெருக்கல் அணிக்கோவைக்குச் சமம். தொகையிடலை மட்டும் ‘பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள்’ என்று தாண்டிவிடுவார்கள், நம் பிள்ளைகள் அரியர் வைப்பது அங்கேதான், வருஷா வருஷம் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியை எடு. பத்தாவது பாடம் வகையிடல் முறைகள், நான்கு நாள் போதும். பதினொன்றாவது தொகை நுண்கணிதம், அதற்குப் பத்து நாள் கொடு, எடுத்துக்காட்டை மூடி வைத்துவிட்டு நீயே போட்டுப் பார். மிச்ச நாளில் பன்னிரண்டாம் வகுப்பின் எட்டாவது பாடத்தில் பகுதி வகைக்கெழு.

உன் கணக்குக்கு வருவோம். வகையிட்டால் சின்னதாகிப்போவது எதுவோ அதுதான் யூ. எக்ஸை வகையிட்டால் 1, அத்தோடு முடிந்தது. காஸை எத்தனை முறை வகையிட்டாலும் சைனும் காஸுமாகத் திரும்பத் திரும்ப வரும். மாற்றிப் போட்டுப் பார். இதே கணக்கு மூன்றாவது செமஸ்டரில் ஃபூரியர் தொடராக மறுபடியும் உன்னிடம் வரும்.

ஆடுதுறை அக்கா (சிவில் படித்தவள்):
சார் சொல்வதுதான் சரி. தொகையிடல் என்றால் என்னவென்று பிடிபடாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்ணாதே தம்பி. மேட்டூர் செய்தியை நம் வீடுகளில் தினமும் பார்க்கிறோமே, நீர்வரத்து கனஅடியில், இருப்பு டிஎம்சியில். நீர்வரத்தில் சொல்லும் கனஅடி என்பது வினாடிக்கு இத்தனை கனஅடி தண்ணீர் என்கிற வேகம். அந்த வேகத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே போனால் மொத்த அளவு. ஒரு டிஎம்சி 100 கோடி கனஅடி, ஒரு நாளுக்கு 86,400 வினாடி, அப்படியானால் வினாடிக்கு ஏறக்குறைய 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி சேரும். நீர்வரத்து மணிக்கு மணி மாறினால் வெறும் பெருக்கல் உதவாது, தொகையிடத்தான் வேண்டும். இரண்டாம் செமஸ்டரில் ட்ரெப்பிசாய்டல், சிம்சன் விதிகள் வரும்போது, ஆற்றின் குறுக்கே அங்கங்கே ஆழம் அளந்து வெட்டுமுகப் பரப்பு எடுப்பது அதே விதிகளால்தான் என்பதும் புரியும்.

இன்னொன்று, பாடநூலின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள். கணக்குகள் அதே எண்ணில் இருக்கும், கல்லூரியில் காதில் விழப்போகும் வார்த்தைகள் இப்போதே பழகிவிடும்.

வல்லம் மூன்றாமாண்டு:
80 மதிப்பெண் கணக்கை நான் யோசிக்கவில்லை சார். தம்பி, சார் சொல்வது போலவே செய். அணிக்கு என் நோட்டைத் தருகிறேன்.

நீடாமங்கலம் மாணவன்:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸை யூ என்று எடுத்துப் போட்டேன் சார், இரண்டே வரியில் முடிந்துவிட்டது. எக்ஸ் சைன் எக்ஸ் கூட்டல் காஸ் எக்ஸ். சரிதானே?

கும்பகோணம் கணக்கு ஆசிரியர்:
சரி, ஆனால் கடைசியில் கூட்டல் சி எங்கே? அதற்கு மதிப்பெண் பிடிப்பார்கள். அடுத்தது எக்ஸ் ஸ்கொயர் பெருக்கல் சைன் எக்ஸ், இரண்டு முறை பகுதித் தொகையிடல் செய்யவேண்டி வரும். போட்டுவிட்டு நாளைக்குச் சொல்.