ஜூன் மாதத்தில் மட்டும் குயர் நாவல்கள் வாசிப்பது தேவையா?

கடைசிப்பக்கம்:
பெருமை மாதம் என்று கொண்டாடப்படும் ஜூன் பிறந்தால் போதும், எல்லோருடைய வாசிப்புப் பட்டியலிலும் பால்புதுமையினர் (குயர்), அதாவது தன்பால் ஈர்ப்புள்ளோர், திருநர் போன்றோர் பற்றிய நாவல்கள் நிறைந்துவிடுகின்றன. ஜூலையில் ஒருவரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. நல்ல நாவலுக்கு மாதம் எதற்கு? அதைவிட என்னை உறுத்துவது, இந்த இளையோர் காதல் கதைகள் எல்லாம் சுபமாகவே முடிவது. பிள்ளை தன் பாலீர்ப்பைப் பற்றிய உண்மையைச் சொன்னதும் அம்மா கட்டி அணைத்துக்கொள்கிறாள். வாழ்க்கை அப்படியா இருக்கிறது?

மேசைவிளக்கு:
ஜூன் பதிப்பகங்கள் தேர்ந்தெடுத்த மாதம் அல்ல. 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கில் பால்புதுமையினர் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் போலீஸ் புகுந்தபோது, அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் ஊர்வலம் போனார்கள். அந்த நினைவோடு ஒரு புத்தகத்தைக் கையில் எடுப்பதில் என்ன குறை?

சுப முடிவுக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913-14இல் எழுதினார். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழப் போவதாக முடித்தார். அவர் இறந்த பிறகு, 1971இல்தான் அது அச்சேறியது. மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் என்று பின்னுரையில் எழுதியிருக்கிறார். ஒருவன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் சிக்கலே இருந்திருக்காது என்றும் அதிலேயே சொல்கிறார்.

கடைசிப்பக்கம்:
அன்றைக்கு அது துணிச்சல், இன்றைக்கு வாய்பாடு. சோகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பையன் கதையை நம்பி வீட்டில் சொல்லி, அடிபட்டால் யார் பொறுப்பு? பயத்தையும் எழுதுங்கள் என்கிறேன்.

நள்ளிரவு வாசகி:
அந்தப் பிள்ளை நாவலை நம்பி வாய் திறப்பதில்லை ஐயா. யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று கணக்குப் போட்டபடியேதான் வளர்கிறது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். பாடப்புத்தகத்தின் அட்டையை மாட்டித்தான் இந்தக் கதைகளைப் படித்தேன். பயத்தைப் புத்தகத்தில் தேட வேண்டிய நிலையில் நான் இல்லை. காதலிக்கும் இரண்டு பெண்கள் அற்பக் காரணத்துக்குச் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பக்கம் போதுமாயிருந்தது.

மேசைவிளக்கு:
அமெரிக்க எழுத்தாளர் நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ என்ற இளையோர் நாவல் 1982இல் வந்தது. இரண்டு பெண்களின் காதல் அதில் தோற்பதில்லை. 1993இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் அதன் பிரதியை எரித்தார்கள். பக்கத்து ஊரான ஒலேதாவில் பள்ளி நூலகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்து 1995இல் மீட்டார்கள். வாய்பாட்டுக்குப் பயந்து யாரும் தீ வைப்பதில்லை.

கடைசிப்பக்கம்:
எரிக்கப்பட்டதாலேயே ஒரு நாவல் நல்ல நாவலாகிவிடாது. அதில் நான் மாறமாட்டேன். ஆனால் நள்ளிரவு வாசகி சொன்ன அந்தப் பக்கம் எனக்கு வேண்டும். இனிமையும் இருந்து, வலியை மழுப்பாத கதை ஒன்று சொல்லுங்கள்.

நள்ளிரவு வாசகி:
ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’. சித்திரக் கதைதான், அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். சார்லி என்ற பையனுக்கு உண்ணுதல் கோளாறு, சரியாகச் சாப்பிடவிடாத மனநோய். அவன் காதலன் நிக் அவனை உயிராக நேசிக்கிறான், ஆனால் அந்த நேசம் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிகிச்சைதான் துணை நிற்கிறது. நான்காம் பாகம் வரை படித்துவிட்டு வாருங்கள், ஜூலையிலேயே பேசுவோம்.