குறட்டை என்றால் நல்ல நித்திரை என்று நம்பிய கதை

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு அப்போது ஐந்து வயது. வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவான், "அப்பப்பாவும் இப்படித்தான், பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது" என்று மாமி சொல்ல நானும் விட்டுவிட்டேன். கச்சான் காற்று வீசிய ஒரு ராத்திரி, கரண்ட் போய் விசிறி நின்ற பிறகுதான் சரியாகக் கேட்டது. குறட்டை, அப்புறம் சத்தமே இல்லை, நெஞ்சுக்குழி மட்டும் உள்ளே இழுபடுகிறது, திடீரென்று ஒரு திணறல். எண்ணினேன், எட்டு செக்கன்.

போனில் எடுத்த வீடியோவைப் பார்த்த காது மூக்கு தொண்டை டொக்டர் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூக்குக்குப் பின்னால் அடினொயிட் சதை வீங்கியிருந்தது, டொன்சில் அவ்வளவு பெரிதில்லை. இப்போதே வெட்டத் தேவையில்லை, மூன்று மாதம் மூக்கு ஸ்ப்ரே அடித்துப் பார்ப்போம், ஏழெட்டு வயதுக்குப் பிறகு அந்தச் சதை தானாகச் சுருங்கும் என்றார். அந்த ஸ்ப்ரே ஸ்டீராய்ட் மருந்து என்றதும் மாமிக்கு முகம் மாறியது, சரி, எனக்கும்தான். மூக்குக்குள் போகும் அளவு மிகக் குறைவு, கிளினிக் வரும்போது வளர்ச்சி சரியா என்று உயரத்தை அளந்து பார்த்துக்கொள்வோம் என்று விளக்கினார்.

முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் இல்லை, மூக்கில் இரத்தம் வேறு. பிழை என்னுடையது, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்திருக்கிறேன். தலையைக் கொஞ்சம் குனிய வைத்து, பிள்ளை தானே அடிப்பதென்றால் வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும் என்று நேர்ஸ் மிஸ் காட்டித் தந்தார். அதற்கு முன் உப்புத்தண்ணீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சிந்த வைக்க வேண்டும். நுளம்புத்திரியையும் சாம்பிராணியையும் நிறுத்தி வலை கட்டினோம் (வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாதது மாமிக்கு இன்னும் குறைதான்). ஆறாவது கிழமை வாய் மூடித் தூங்கினான். இப்போது சளி பிடித்தால் மட்டும் குறட்டை.

வீக்கத்தைக் குறைக்க, சப்பிச் சாப்பிடும் மொண்டிலூகாஸ்ட் என்ற குளிசையும் தந்தார்கள். கெட்ட கனவு, கோபம் வந்தால் உடனே சொல்லச் சொன்னார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட்டிருக்கிறது. மகன் மூன்றாம் நாள் ராத்திரி அலறி எழும்பினான். சொன்னேன், நிறுத்திவிட்டார்கள்.

— அக்கரைப்பற்று உம்மா:
அக்கா, எங்களுக்கு உங்களைப் போல் அமையவில்லை. மகளுக்கு ஏழு வயதிலும் படுக்கை நனையும், வகுப்பில் தூங்கி விழுவாள், நேர்த்தி வைத்தும் பார்த்தோம். குறட்டைதான் காரணம் என்று யாருக்குத் தெரியும்? டொன்சில் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன, ஸ்ப்ரே மூன்று மாதமும் வீண், கடைசியில் சத்திரசிகிச்சைதான். அடுத்த மாதமே பாய் காய்ந்தது. 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்களாம், வெட்டாமல் காத்திருந்தவர்களில் 46 வீதமானோருக்கு 7 மாதத்தில் உறக்கப் பரிசோதனை முடிவு சீராகியிருந்ததாம், வெட்டியவர்களில் 79 வீதம். காத்திருக்கலாம், ஆனால் தவணைக்குப் போகாமல் காத்திருக்கக் கூடாது. வீடியோ எப்படி எடுத்தீர்கள்? என்னுடையதில் இருட்டுத்தான் தெரிந்தது.

— கல்லடி:
தங்கச்சி, லைட்டைப் போட்டு, சட்டையை மேலே தூக்கிவிட்டு, முகமும் நெஞ்சும் ஒன்றாகத் தெரியும்படி இரண்டு நிமிடமாவது எடுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு.