மாடியில் குண்டுமல்லி: ஒரு வேளை தண்ணீரா, இரண்டு வேளையா?

வணக்கம். மாடியில் 12 அங்குலத் தொட்டியில் குண்டுமல்லி இருக்கிறது, ஊர் ராமநாதபுரம். கார்த்திகையில் கவாத்து (கிளை வெட்டி விடுவது) செய்தது. இந்தப் பங்குனி வெயிலில் நன்றாகத் துளிர்த்து மொட்டும் விட்டிருக்கிறது. ஆனால் இளம் இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. சில மொட்டுகள் விரியாமலே காய்ந்து உதிர்கின்றன.

காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் மேல்மண் காய்ந்துவிடுகிறது. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம்! மாலையிலும் ஊற்றலாமா, இல்லை வேர் அழுகிவிடுமா?

போர் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாக உப்பு படியும். வெளுப்புக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். சரி, தெளிக்கலாம். தண்ணீர் இப்படியே இருந்தால் திரும்ப வெளுக்காதா? ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைக் கலந்து ஊற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தொட்டி மண்ணில் சேர்ந்த உப்பை எப்படி வெளியேற்றுகிறீர்கள்?