ஆர்டிஎக்ஸ் 3080: விளையாட்டின் நடுவே கணினி முழுவதும் அணைந்துவிடுகிறது

செவ்வானம்:
வணக்கம். ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு இருந்த இடத்தில் ஆர்டிஎக்ஸ் 3080 பொருத்தியிருக்கிறேன்; இரண்டு 8 பின் இணைப்பு கொண்ட 10 ஜிபி மாடல். விளையாட்டில் காட்சி மாறும் நேரத்தில் கரண்ட் போனது போலக் கணினி அணைந்துவிடுகிறது. நீலத் திரையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பவர் சப்ளையின் பின்புற சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் எழுகிறது. விண்டோஸ் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 (கணினி முறையாக மூடப்படாமல் அணைந்தது என்ற குறிப்பு) மட்டும் இருக்கிறது. கார்டுக்கு 320 வாட், ரைசன் 5600எக்ஸ் பிராசஸருக்கு 76 வாட். பவர் சப்ளையோ 750 வாட். பிறகு ஏன் அணைகிறது? கார்டைத் திருப்பி அனுப்பும் கெடு நெருங்குகிறது. பழுதா இல்லையா என்றாவது தெரிந்தால் போதும்.

திருகாணி:
வெப்பநிலை எவ்வளவு? கார்டில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் கடுமையாகச் சூடாகும். சிப்பின் சூட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

செவ்வானம்:
சிப் 71 டிகிரி, நினைவகம் 94. ஒரே சீராகச் சுமை தரும் சோதனையை அரைமணி நேரம் ஓட்டினாலும் அணைவதில்லை. விளையாட்டில்தான் அணைகிறது.

மின்கம்பி:
விடை அங்கேதான் இருக்கிறது. சூடு மிகுந்தால் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிரைவர் தடுமாறினால் திரை கறுக்கும், ஆனால் ஃபேன்கள் சுழன்றுகொண்டிருக்கும். மொத்தமும் ஒரே கணத்தில் அணைந்து, சுவிட்சைத் தட்டிய பிறகே எழுகிறது என்றால், பவர் சப்ளை தற்காப்புக்காகத் துண்டித்துக்கொள்கிறது என்றே பொருள்.

320 வாட் என்பது சராசரிக் கணக்கு. என்விடியாவின் ‘ஆம்பியர்’ என்ற தலைமுறையின் பெரிய சிப் இது. 2,830 கோடி டிரான்சிஸ்டர்கள். முந்தைய 2080க்கு 215 வாட்டே போதுமாக இருந்தது. சுமை சட்டென்று விழுந்து எழும்போது, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு இழுப்பு 400 வாட்டைத் தாண்டிவிடும். திரையில் தெரியும் வாட் அளவு இதைக் காட்டாது. சீரான சோதனையில் இந்தத் துள்ளல் குறைவு.

இரண்டு 8 பின்னும் ஒரே கேபிளிலிருந்து பிரிகின்றனவா? பவர் சப்ளை ஒட்டுத்தாளில் 12 வோல்ட் ஒன்றாக இருக்கிறதா, பல தடங்களாக (தனித்தனி மின்வரம்பு கொண்ட பிரிவுகளாக) பிரித்திருக்கிறார்களா?

செவ்வானம்:
ஒரே கேபிள்தான், நுனியில் இரண்டாகப் பிரிகிறது. 12வி1 முதல் 12வி4 வரை நான்கு தடங்கள், ஒவ்வொன்றுக்கும் 25 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. வேறொரு பவர் சப்ளையின் கேபிள் கைவசம் இருக்கிறது. அதைச் செருகிப் பார்க்கலாமா?

மின்கம்பி:
தயவுசெய்து வேண்டாம்! கார்டுப் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பொருந்திவிட்டதே என்று நம்பிச் செருகினால் கார்டு கருகிவிடலாம். உங்கள் பவர் சப்ளையுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 25 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 300 வாட். துண்டிக்கும் வரம்பு அதற்குச் சற்று மேலே இருக்கும். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். மீதி முழுவதையும் ஒரே தடம் சுமக்கிறது. 750 வாட் இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான். இரண்டு தனிக் கேபிள்களை இரண்டு வெவ்வேறு தடங்களில் செருகுங்கள். எந்தத் துளை எந்தத் தடம் என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

திருகாணி:
கேபிளைத் தொடும் முன் கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சார வரம்பை) 70 விழுக்காட்டுக்கு இறக்கி விளையாடிப் பாருங்கள். அணையாவிட்டால் மின்கம்பி சொல்வதே சரி.

செவ்வானம்:
70இல் அணையவே இல்லை. பிறகு கையேட்டைப் பார்த்து, பெட்டியில் இருந்த இரண்டாவது கேபிளையும் எடுத்து 12வி3, 12வி4 தடங்களில் தனித்தனியாகச் செருகினேன். பவர் லிமிட்டை மீண்டும் 100க்கு ஏற்றியும், முன்பு அணைந்த அதே காட்சிகள் தடையில்லாமல் ஓடுகின்றன. கார்டைத் திருப்பி அனுப்பவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

மின்கம்பி:
மிக்க மகிழ்ச்சி. நேரம் கிடைக்கும்போது கார்டுச் சிப்பின் மின்னழுத்தத்தை 850 மில்லிவோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் சிறிதளவே குறையும். சூடும் இழுப்பும் நன்றாகவே இறங்கும். இரண்டு இணைப்புகளின் கொக்கியும் கார்டில் முழுமையாகப் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.