எங்கள் மென்பொருளுக்கு ஒரு குடை தேவை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தமிழ்ப் பிழைதிருத்தியைத் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தலாம்) வெளியிட்டு வருகிறோம். டொமைன் (இணையத்தள முகவரி) ஒரு நண்பரின் பெயரில், நன்கொடைக் காசு என் சேமிப்புக் கணக்கில். போன மாதம் அவருடைய வங்கி அட்டை காலாவதியாகி, இணையத்தளம் மூன்று நாள் படுத்துவிட்டது. அவரோ அடுத்த மாதம் கனடா போகிறார்.

சரி, ஏதாவது அறக்கட்டளையின் கீழ் போய்விடலாமா என்று யோசிக்கிறோம். அப்பாச்சியில் (வீட்டு அப்பாச்சி இல்லை, 1999இல் தொடங்கிய அறக்கட்டளை) மென்பொருளின் பெயர் அவர்களுக்கே சொந்தமாகிவிடும். நிரல் எழுதச் சம்பளமும் கிடையாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 ஆதரவு வாக்குகள் வேண்டும். நாலு பேருக்கு அது தொளதொளச் சட்டை. சாப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற இன்னொரு இலாப நோக்கற்ற அமைப்பு கணக்கு வழக்கு, சட்ட வேலை எல்லாம் பார்த்து, வருமானத்தில் 10 சதவீதம் எடுக்கும். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இங்கேயே பிறந்த சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளும் பின்னாளில் தனக்கென்று ஓர் அறக்கட்டளை வைத்துக்கொண்டதுதானே. சஹானாவில் வேலை செய்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கன்சர்வன்சிக்கு விண்ணப்பித்தால் பதில் வர எவ்வளவு நாளாகும்? செலவுக் காசு வெளிநாட்டிலிருந்து கொழும்பு வங்கிக்கு வரும்போது என்னென்ன பத்திரம் கேட்பார்கள்? நண்பர் விமானம் ஏறுவதற்குள் டொமைனையாவது மாற்றியாக வேண்டும்.