பருந்துக்கு மட்டும் படுக்கை கிடையாதா?

பட்பர்கஞ்ச் பாலு:
தில்லியே பட்டம் விடும் ஆகஸ்ட் 15 முடிந்த கையோடு இதைக் கேட்கிறேன். சாந்தினி சௌக்கில், செங்கோட்டைக்கு எதிரே, ஜைனர்களின் லால் மந்திர் வளாகத்தில் தர்மப் பறவை ஆஸ்பத்திரி இருக்கிறதே, தெரியாத தில்லித் தமிழர் குறைவு. நன்கொடையில் நடக்கிறது, வைத்தியத்துக்குப் பைசா வாங்குவதில்லை. எல்லாம் சரி. ஆனால் அவர்கள் விதிப்படி புறா, கிளி மாதிரி சைவப் பறவைகளுக்குத்தான் உள்ளே கூண்டு, தங்கி வைத்தியம். பருந்து வந்தால் காயத்துக்கு மருந்து போட்டு வெளிநோயாளியாகவே அனுப்பிவிடுவார்கள், மாமிசம் தின்னும் என்பதால். பட்ட நூலில் இறக்கை கிழிந்த பறவை வெளியே போய் என்ன செய்யும்? வானத்தை அண்ணாந்து பார்த்தால் பருந்து வட்டமிடும் ஊரில் இது என்ன தர்மம்?

கரோல் பாக் மாமி:
அவர்கள் காசு, அவர்கள் கோயில், அவர்கள் விதி. உங்களுக்கு என்ன வந்தது பாலு? 1929-லிருந்து நடத்துகிறார்கள். கோயில் வளாகத்துக்குள் கறி நறுக்கிப் போடு என்று ஜைனரிடம் கேட்பது நியாயமா? வெங்காயம் பூண்டே தொடாதவர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். அப்படியும் பருந்தை வாசலோடு விரட்டவில்லை, மருந்து போட்டுத்தான் அனுப்புகிறார்கள். மனுஷனுக்கே படுக்கை இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துக் கிடக்கிற ஊர் இது.

முனிர்காக்காரன்:
மாமி, மனுஷன் கதையை இங்கே இழுக்காதீர்கள், அது எந்தப் பேச்சையும் மூடுவதற்கு வைத்திருக்கும் பூட்டு. வைத்தியம் என்று வந்தபிறகு நோயாளி என்ன தின்கிறான் என்று பார்ப்பது சரியா, அதுதான் கேள்வி. பருந்து ஆசைப்பட்டா கறி தின்கிறது? இன்னொன்று, இந்த ஊரில் யாருமே செய்யாத காரியத்தை நாம் கேட்கவில்லை. வஜீராபாத்தில் இரண்டு சகோதரர்கள் வருஷக்கணக்காகப் பருந்துகளையே எடுத்து வைத்தியம் பார்க்கிறார்கள், இத்தனைக்கும் அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. பழைய தில்லியில் பருந்துக்குக் கறித்துண்டு வீசுவதைப் புண்ணியமாக நினைக்கிற குடும்பங்களும் உண்டு. அவரவருக்கு அவரவர் தர்மம் என்றால் அதில் பருந்து எங்கே விழுகிறது என்பது வெறும் அதிர்ஷ்டமாகிவிடுகிறதே.

கரோல் பாக் மாமி:
அதிர்ஷ்டம்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புறாவுக்கு இங்கே, பருந்துக்கு வஜீராபாத்தில், வேலை பங்கு பிரிந்து ஒழுங்காகத்தானே நடக்கிறது?

ஜனக்புரி டாக்டரம்மா:
பங்கு பிரிந்திருக்கிறது, ஆனால் நடுவில் தூரமும் டிராஃபிக்கும் இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் முக்கியம் விதி இல்லை, நேரம். மாஞ்சாவில், அதாவது கூராக்கிய பட்ட நூலில், மாட்டின பறவை பயத்தில் உதறும், உதற உதற நூல் உள்ளே இறங்கும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், இறக்கையின் முன் ஓரத்தில் மெல்லிய தோல் மடிப்பு ஒன்று உண்டு, அதன் விளிம்பில் ஒரு தசைநாண் ஓடும். இறக்கை விரிந்து நிற்பதே அதனால்தான். நூல் அங்கே விழுந்தால் ரத்தம் பெரிதாக வராது, பார்க்கச் சின்னக் காயம் மாதிரி இருக்கும், ஆனால் தோல் சீக்கிரம் காய்ந்து காகிதம் மாதிரி சுருண்டுவிடும். அதற்கப்புறம் தைத்தாலும் பிடிக்காது. சுத்தமாக உடைந்த எலும்பு கூடிவிடும், அறுந்த நாண் கூடுவது கஷ்டம். நிறையப் பருந்துகள் பிழைக்கும், பறக்காது.

அதனால் நான் கேட்க நினைப்பது வேறு. பறக்கவே முடியாத பருந்தை ஆயுள் முழுக்கக் கூண்டில் வைத்துக் கறி போடுவதா வைத்தியம்?

கரோல் பாக் மாமி:
பின்னே கொல்வதா? ஆஸ்பத்திரி பற்றிப் பேச வந்த இடத்தில் இது என்ன அம்மா!

ஜனக்புரி டாக்டரம்மா:
ஆமாம், சிலதைத் தூங்க வைப்பதுதான் இரக்கம். 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டமே, தேறாமல் வேதனைப்படும் பிராணியை வேதனையில்லாமல் முடித்துவிட இடம் கொடுக்கிறது. ஒரு கூண்டில் தேறாத பருந்து உட்கார்ந்திருந்தால் நாளை வரும் தேறக்கூடிய பருந்துக்குக் கூண்டு இல்லை. தர்ம ஆஸ்பத்திரியில் இடம், மருந்து, ஆள் எல்லாமே அளவாகத்தான் இருக்கும்.

பட்பர்கஞ்ச் பாலு:
டாக்டர், நான் உங்கள் பக்கம் வருவேன் என்று நினைத்தால் இதற்கு வரமாட்டேன். யார் தேறும், யார் தேறாது என்று முதல் நாளே முடிவு கட்டுவதற்கும், சைவமா அசைவமா என்று வாசலில் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஜனக்புரி டாக்டரம்மா:
முதல் நாள் என்று நான் எங்கே சொன்னேன்? காயத்தைப் பார்த்து முடிவு செய்வதும் சாப்பாட்டைப் பார்த்து முடிவு செய்வதும் ஒன்றா?

லோதி ரோடு ராஜா:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். கீழ் வீட்டுப் பையன் இன்று காலை ஒரு பருந்தைத் தூக்கி வந்திருக்கிறான், காலில் நூல். வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையை உடைத்துப் பாலில் கொடுக்கலாமா?

ஜனக்புரி டாக்டரம்மா:
வேண்டவே வேண்டாம்! மாட்டுக்குப் போட்ட அந்த மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அவற்றைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கியது. கால்நடைக்கு அதை 2006-லேயே தடை செய்தார்கள். பாலும் வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். நூலை இழுக்காதீர்கள், தொங்குவதை மட்டும் கத்தரியுங்கள். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டாக வைத்துக் கிளம்புங்கள். நகத்தில் கவனம், பெரிய துண்டைப் போர்த்திப் பிடியுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்று பையன் அழுதால் கேட்காதீர்கள், அது காட்டுயிர், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

லோதி ரோடு ராஜா:
ஆட்டோவில் ஏறிவிட்டோம். வஜீராபாத்துக்கு 400 கேட்கிறான், கொடுத்துத் தொலைக்கிறேன்.

முனிர்காக்காரன்:
பாருங்கள், லால் மந்திர் அவருக்கு இன்னும் பக்கம். உள்ளே சேர்ப்பார்கள் என்றால் அங்கேயே போயிருப்பார். மாமி, ஒன்று கேட்கிறேன், உங்கள் பேரன் பதினைந்தாம் தேதி எந்த நூலில் பட்டம் விட்டான்?

கரோல் பாக் மாமி:
பருத்தி நூல்தான். நைலான் சீன மாஞ்சா வேண்டாம் என்று லால் குவா பட்டக் கடையில் நானே நின்று பார்த்து வாங்கினேன்.

ஜனக்புரி டாக்டரம்மா:
மாமி, பருத்தியாக இருந்தாலும் கண்ணாடித் தூள் பூசியிருந்தால் அதுவும் தில்லியில் தடைதான். தில்லி அரசின் 2017 உத்தரவில் வெறும் பருத்தி நூலுக்குத்தான் அனுமதி, பசை போட்டு முறுக்கேற்றினால்கூடக் கூடாது.

கரோல் பாக் மாமி:
வெறும் நூலில் பட்டம் விட்டால் பக்கத்து மாடிக்காரன் ஒரே இழுப்பில் அறுத்துவிடுவான், பையன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்காருவான். உத்தரவு போட்டவர்கள் லால் குவா கடைகளில் போய்ச் சொல்லட்டும், என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? ஜைனர் ஆஸ்பத்திரி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.