கேஷும் செஷனும் ஒரே ரெடிஸில் இருக்கலாமா?

வழிப்போக்கன்:
சர்வர் இரண்டானதால் லாகின் செஷன்களை (யார் உள்ளே இருக்கிறார் என்ற பதிவுகள்) கோப்பிலிருந்து ரெடிஸுக்கு (நினைவகத்தில் இயங்கும் தரவுக் கிடங்கு) மாற்றினேன். பக்கங்களை கேஷ் செய்ய (தற்காலிக நகலாக வைக்க) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரெடிஸ்தான். கேஷுக்கு டேட்டாபேஸ் 0, செஷனுக்கு 1. காலாவதி 8 மணி நேரம். ஆனால் கூட்டம் ஏறும்போது பயனர்கள் தானாக லாக்-அவுட் ஆகிறார்கள். மேக்ஸ்மெமரி (நினைவக உச்சவரம்பு) 1 ஜிபி, நிரம்பினால் எதை நீக்குவது என்ற பாலிசி ஆல்கீஸ்-எல்ஆர்யூ.

நடுநிசி:
கடைசி வரியிலேயே பதில் இருக்கிறதே! டேட்டாபேஸ் எண்ணைப் பிரித்தால் கீகளின் (சேமித்த ஒவ்வொரு பதிவின்) பெயர்கள் மோதாது, அவ்வளவுதான். மேக்ஸ்மெமரியும் பாலிசியும் அந்த இன்ஸ்டன்ஸ் (ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு ரெடிஸ்) முழுவதற்கும் பொது. நிரம்பினால், வெகுநேரம் தொடாத கீ எந்த எண்ணில் இருந்தாலும் போய்விடும். நீளமான படிவத்தை அரைமணி நேரமாக நிரப்பிக்கொண்டிருப்பவரின் செஷனும் அதில் ஒன்று. செஷனுக்குத் தனி இன்ஸ்டன்ஸ், எதையும் நீக்காத நோஎவிக்‌ஷன் பாலிசி. வேறு வழியில்லை.

கணக்கன்:
வழி இருக்கிறது. வொலாட்டைல்-டிடிஎல் பாலிசி வைத்தால், காலாவதி வைத்த கீகளில் ஆயுள் குறைவாக மிச்சமிருப்பதுதான் முதலில் போகும். 5 நிமிட கேஷ் போகும், 8 மணி நேர செஷன் நிற்கும். நீங்கள் சொல்லும் நோஎவிக்‌ஷனில் நினைவகம் நிரம்பினால் எழுதவே விடாது. புதிதாக ஒருவரும் லாகின் செய்ய முடியாது. அது மட்டும் சரியா?

நடுநிசி:
கேஷ் எல்லாமே சில நிமிட ஆயுள் என்றால் நீங்கள் சொல்வது ஓடும், ஒப்புக்கொள்கிறேன். நாளை யாராவது ஒரு நாள் ஆயுளில் கேஷ் எழுதினால்? காலாவதியே வைக்காமல் எழுதினால் இன்னும் மோசம்: வொலாட்டைல் பாலிசிகள் அதைத் தொடவே தொடாது, செஷனைத்தான் பிடித்துத் தள்ளும். நோஎவிக்‌ஷன் பிழையாவது லாக்கில் கத்தும். இது சத்தமில்லாமல் நடக்கும். அப்புறம், லாகின் செய்யாதவருக்கும் செஷன் திறக்கிறீர்களா? தளங்களைத் தானாகப் பார்க்கும் ரோபோக்கள் வந்தே நிரப்பிவிடும்.

கணக்கன்:
ரெடிஸ் ரீஸ்டார்ட் ஆனால் செஷன்கள் என்ன ஆகும்? ஏஓஎஃப் (மாற்றங்களை வட்டில் பதியும் வசதி) போடச் சொல்வீர்கள், வினாடிக்கொரு முறை வட்டில் எழுதும். அதற்குப் பேசாமல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையிலேயே வைக்கலாம்.

நடுநிசி:
அப்படி வைத்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் காலாவதியை நீட்டிக்க ஓர் அப்டேட், பழையதைத் துடைக்க ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது). சின்னத் தளமென்றால் தாங்கும்.

வழிப்போக்கன்:
ரெடிஸின் புள்ளிவிவரம் காட்டும் இன்ஃபோ ஸ்டேட்ஸ் பார்த்தேன். எவிக்டட்_கீஸ் (இடமின்றி நீக்கப்பட்ட கீகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருக்கிறது. 6380 போர்ட்டில் தனி இன்ஸ்டன்ஸ் தொடங்கிவிட்டேன். ரோபோ விஷயமும் உண்மைதான், முகப்புப் பக்கத்திலேயே செஷன் திறந்து வைத்திருக்கிறேன்.